பூட்டியவரே திறக்க வேண்டும்

பிப்ரவரி 11

அன்புள்ள மாமா,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள், அத்தை, பொடியன் எல்லோரும் இருக்கிறீர்களா? நலமா என்று கேட்கவில்லை. இருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருப்பது இங்கே மட்டும்தான். யாராவது எழுந்து வந்தால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டு, சப்-ஸ்டேஷனில் அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அக்கரை டவரில் வேலை பார்க்கப் போனீர்கள். மத்தியானம் பாலத்தை மூடிவிட்டார்கள். சாயங்காலம் போன் போய்விட்டது. அதற்கப்புறம் உங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்பா உங்கள் பேரையே எடுப்பதில்லை. அம்மா குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறாள்.

அக்கரை முழுக்க உங்கள் மதமாம், இக்கரை முழுக்க அப்பாவின் மதமாம். தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். தனி நாடு வந்தால்தான் இரண்டு சாமிக்கும் நிம்மதி என்கிறார்கள். அப்படியானால் உங்கள் கூடப் பிறந்த அம்மா எந்தக் கரை? நான் எந்தக் கரை? கேட்கப் பயமாக இருக்கிறது. அக்கரையிலிருக்கும் தங்கைக்குத் துணி கொடுத்தனுப்பினார் என்று நம் தையல்காரர் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தைப் பால் வண்டிக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். அவர் வண்டியை மட்டும் பாலத்தில் விடுகிறார்கள். "மாட்டுக்கு மதம் கிடையாதுன்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க பாப்பா. அந்த ஒரு விஷயத்துலதான் ஒத்துப்போனாங்க" என்று சிரித்தார். நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு வரி போதும் மாமா. கிறுக்கி அனுப்புங்கள்.

பயத்தோடும் அன்போடும்,
குருவி


பிப்ரவரி 20

என் குருவிக்கு,

இருக்கிறேன். முழுசாக, இரண்டு காதும் ஒரு தொப்பையும் உட்பட. அத்தையும் இருக்கிறாள். பொடியனுக்குச் சளி, மற்றபடி வீட்டை இடிக்கிற வேலையைத் தவறாமல் செய்கிறான்.

இங்கே கரண்ட் இல்லை. ஆற்றைத் தாண்டி வருகிற ஒரே லைன் செத்துக் கிடக்கிறது. தண்ணீர் பம்ப் ஓடுவதில்லை. பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு நடக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் சில மணி நேரம் ஓடுகிறது. பழகிவிடும். மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை.

இனிமேல் எழுதாதே. சின்னப் பெண் நீ, மாட்டினால் உன் வீட்டுக் கண்ணாடியும் போகும். அக்காவிடம் மட்டும் காதோடு சொல், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று.

அப்பா தினமும் டியூட்டிக்குப் போகிறாரா? சுவிட்ச் பேனல் பக்கம் யாரும் புதிதாக வந்து கை வைக்கவில்லையே? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தலையில் ஒரு குட்டு வைத்து முடிக்கிறேன்.

மாமா


மார்ச் 5

அன்புள்ள மாமா,

உங்கள் இரண்டு காதும் தொப்பையும் சுகமாக இருக்கட்டும். பொடியன் சளிக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொன்னாள் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பாகிட்ட சொல்லிடாதே. அந்த மனுஷனுக்குப் பொய் வராது. முகமே தம்பட்டம் அடிச்சிடும்" என்றாள். ஆகவே இப்போது இரண்டு பேர் ஒளிக்கிறோம்.

ஏன் தெரியுமா? எங்கள் வீட்டுக்குத் தினமும் ஆட்கள் வருகிறார்கள். அப்பா இப்போது பெரிய வீரர் மாமா. காவல் குழுவுக்குத் தலைவராகியிருக்கும் மருந்துக்கடைக்காரர் பத்துப் பேரோடு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். "ஒத்தை சுவிட்சுல நம்ம மதத்தோட மானத்தைக் காப்பாத்திட்டீங்க! அவனுங்க இருட்டுல கிடக்கறானுங்க!" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார் அப்பா.

"பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

நேற்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வழக்கமாகக் கதவோடு அனுப்பிவிடுவார். நேற்று உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறை முழுக்க வண்டு பறப்பது மாதிரி ஒரு இரைச்சல். சாம்பல் நிறப் பீரோக்கள், ஒவ்வொன்றிலும் முள் மீட்டர். அதில் ஒரு மீட்டரில் மட்டும் முள் படுத்துக் கிடந்தது. அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டில் ஒரு அட்டை. அட்டையில் மீசை இல்லாத உங்கள் பழைய முகம்.

"இது மாமாவோட பூட்டாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா பூட்டைத் தொடாமல் விரலால் காட்டிச் சொன்னார். "லைன்ல ஏறப் போறவன் கரண்டை நிறுத்திட்டுத் தன் பூட்டைப் போட்டுச் சாவியைக் கையோட எடுத்துட்டுப் போவான். வேற சாவி கிடையாது. அவனே திரும்பி வந்து, ஆளெல்லாம் இறங்கியாச்சுன்னு சொல்லித் திறந்தாத்தான் நான் கரண்ட் விடலாம். அந்தப் பூட்டு தொங்குதுன்னா லைன்ல ஒருத்தன் உயிர் தொங்குதுன்னு அர்த்தம். உடைக்கிறது கொலை."

அப்புறம் சாப்பாட்டைத் திறக்காமல் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா, நீங்கள் அக்கரை டவர் உச்சியிலேயே செத்துத் தொங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும், நீங்கள் இல்லை என்று. சொல்ல முடியாமல் வயிறு நிஜமாகவே வலித்தது.

சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

இன்னொன்று. பள்ளியில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். "நாடுகள் பிரிவதற்கு மதமே காரணம் என்பதை விளக்குக." காரணமா என்று கேட்கவில்லை. காரணம் என்பதை விளக்க வேண்டுமாம். என்ன எழுதட்டும்?

அத்தைக்கும் பொடியனுக்கும் என் அன்பு.

குருவி


மார்ச் 28

என் குருவிக்கு,

எழுதாதே என்றால் இரட்டிப்பாக எழுதுகிறாய். அக்கா பெற்ற பெண்தானே. சளி போய்விட்டது. இப்போது இருமல்.

உன் கட்டுரைக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் படித்தவன் இல்லை, கம்பத்தின் மேலிருந்து பார்த்தவன். மேலேயிருந்து பார்த்தால் எந்த வீட்டில் எந்தச் சாமி என்று தெரியாது. எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று தெரியும். கரண்ட் போதவில்லை என்றால் எப்போதும் முதலில் அக்கரையைத்தான் நிறுத்துவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். இங்கே ஒரு ஐஸ் ஃபேக்டரி அதனால்தான் மூடியது, ஒரு அச்சகமும். வேலை போன பையன்கள் கோவில் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே ஒருத்தர் வந்து, "உங்களுக்கு ஏன் இப்படி நடக்குது தெரியுமா? உங்க சாமியை அவங்களுக்குப் பிடிக்கல" என்றார். கரண்ட் ஆபீஸில் பத்து வருஷம் மனுக் கொடுத்தும் ஒருவரும் சொல்லாத பதில். பையன்களுக்குத் தேன் மாதிரி இனித்தது.

உன் அப்பாவும் நானும் ஒரே அறையில் பரீட்சை எழுதினோம். அவர் நாற்காலிக்குப் போனார், நான் கம்பத்துக்குப் போனேன். அதில் உன் அப்பாவின் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் உயரம் பிடிக்கும்.

கோபம் தண்ணீர் என்றால் மதம் குடம். குடத்திலிருந்து தண்ணீர் ஊறாது. ஆனால் குடம் இல்லாமல் அத்தனை தண்ணீரையும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இதை அப்படியே எழுதாதே, முட்டை போடுவார்கள்.

ஜாக்கிரதையாக இரு. பால் வண்டிக்காரரிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காதே. அவருக்கு வாயில் பிரேக் கிடையாது.

மாமா


ஏப்ரல் 4

அன்புள்ள மாமா,

இருமலுக்கு மருந்து வாங்கி அனுப்ப முடியாது. மருந்துக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்பார்.

கட்டுரைக்குப் பதில் சொன்னீர்கள். சாவியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள்ளும் பார்த்தேன்.

அம்மா உங்கள் குடத்தைப் படித்துவிட்டுக் கோபப்பட்டாள். "கரண்டு கரண்டுங்கறான். என் கல்யாணத்துக்கு ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தரும் வரலையே, அன்னிக்கு எந்தக் கரண்டு கட்டாச்சு? ரெண்டு கரையும் ஜெகஜ்ஜோதியாத்தான் இருந்துச்சு. என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சா தீட்டுன்னு உங்க பெரியப்பா சொன்னாரே, அவருக்கு என்ன, ஐஸ் ஃபேக்டரியா மூடிப்போச்சு? குடத்து மேல பழி போடாதீங்கன்னு அவன் சொல்றான். சில குடம் ஓட்டையாவும் இருக்கும், விஷமாவும் இருக்கும்னு எழுது." எழுதிவிட்டேன். நான் இரண்டையும் கட்டுரையில் போட்டேன். முட்டை. அடியில் சிவப்பில், "கேள்வியை ஒழுங்காகப் படிக்கவும்."

விஷயத்துக்கு வருகிறேன். அக்கரைச் சுவர்களில் அப்பாவின் பேர் எழுதியிருக்கிறதாம். இருட்டைக் கொண்டுவந்தவன் என்று. பால் வண்டிக்காரர் சொன்னார், "உங்கப்பா ஆத்தைத் தாண்டினா எலும்புகூட மிஞ்சாது பாப்பா. இந்தப் பக்கமே இருந்தாலும் அவங்க சும்மா இருக்கறதா தெரியல." முந்தாநாள் ஆற்றுக்கு அப்பாலிருந்து சுட்டார்கள். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு ஓட்டை. அவர் அப்போது மீட்டர் பார்க்க எழுந்திருந்தார்.

பெரிய இன்ஜினியர் ஊரைவிட்டுப் போய் நாளாகிறது. பூட்டை உடைக்கச் சொல்லவும் ஆள் இல்லை, உடைக்காதே என்று சொல்லவும் ஆள் இல்லை. அப்பா மட்டும் தினமும் போய் அதன் எதிரில் உட்காருகிறார்.

பூட்டு அப்பாவுடையது இல்லை என்று அக்கரையில் ஒருவருக்கும் தெரியாதா மாமா? உங்களுக்குத் தெரியும்.

குருவி


மே 2

மாமா,

பதிலே இல்லை. ஒவ்வொரு காலையும் பால் வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் உதட்டைப் பிதுக்குகிறார். உடம்பு சரியில்லையா? கோபமா?

நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது பின்னாலிருந்து சொன்னேன். "மாமா உயிரோட இருக்கார்ப்பா. எனக்குக் கடுதாசி போடறார்." அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆள் இறங்கிட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

"அன்னிக்கே இறங்கிட்டாராம்ப்பா."

அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிவந்து, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் தெளித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார் மாமா. முகமெல்லாம் நனைந்திருந்தது, எது தண்ணீர் எது கண்ணீர் என்று தெரியவில்லை.

பிறகு நான் கேட்டேன், பூட்டு மாமாவுடையது என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை, ஏன் வீரர் வேஷமும் பிசாசு வேஷமும் போடுகிறீர்கள் என்று. "சொன்னா அந்தப் பக்கம் அவனை உசுரோட விடுவாங்களா? சொந்த ஜனத்தையே இருட்டுல போட்டவன்னு கிழிச்சுடுவாங்க. நானே போட்டதா இருக்கட்டும். எனக்கு நடுவுல ஒரு ஆறு இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு?" என்றார்.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருவி


மே 16

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். பொடியன் தேறிவிட்டான். உன் மாமாதான் இளைத்துப்போனார். தொப்பை இருந்த இடம் தெரியவில்லை. உன் கடிதம் எல்லாம் வந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார், மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

சாவி இவரிடம்தான். அன்றைக்குக் காக்கிச் சட்டைப் பையில் போட்டவர், பாலத்தை மூடிய கலவரத்தில் நினைக்கவில்லை. ராத்திரி சட்டையைத் துவைக்க எடுத்தபோது என் கையில்தான் தட்டுப்பட்டது. "நாளைக்குப் பாலத்தைத் திறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்குள் சுவரில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் சொல்லியிருந்தால் மறதி. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் துரோகம். பால் வண்டியில் கொடுத்தனுப்புங்கள் என்றேன். "பூட்டினவனே போய்த் திறக்கணும். வேற ஆள் கையில வந்த சாவியை உன் அண்ணன் தொடமாட்டார், தொடவும் கூடாது" என்றார்.

நீ கடைசியாக எழுதியதைப் படித்த அன்று இவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் குடத்தோடு நிற்கும் வரிசையில் போய் நின்று, சாவியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, நடந்ததைச் சொல்லிவிட்டார். நான் பொடியனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றேன். ஒருத்தர் குடத்தை வைத்துவிட்டு வந்து இவரை அறைந்தார். ஒரு அம்மா அழுதாள். பள்ளிக்கூட வாட்ச்மேன்தான் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடப்பாவி, உன் சட்டைப் பையில இருந்ததுக்கா நாங்க ரெண்டு சாமியையும் இழுத்து சத்தியம் பண்ணோம்?" என்றார். அதற்குச் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இவர் உயிரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

நாளைப் பகலில் பாலத்தில் நடந்தே வருகிறார். பால் வண்டியில் பதுங்கி வரச் சொன்னேன். "திருடன் மாதிரி போனா திருடன்னுதான் சொல்லுவாங்க" என்கிறார். உன் அப்பாவிடம் சொல்லி வை. என் புருஷனைத் திருப்பி அனுப்பச் சொல்லி அண்ணனிடம் நான் கேட்டதாகவும் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
அத்தை


மே 21

அன்புள்ள அத்தை,

மாமா வந்து சேர்ந்தார். உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

பாலத்தின் நடுவில் இரண்டு பக்கத்துக் காவலர்களும் அவரை நிறுத்திச் சோதித்தார்களாம். ஒரு சாவியும் அடையாள அட்டையும் தவிர ஒன்றும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் அந்த அறையிலேயே இருந்தேன். மாமா உள்ளே வந்தார். கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றார்.

"லைன்ல ஆள் இருக்கா?"

"இல்ல."

"கயிறு, கருவி?"

"எல்லாம் இறக்கியாச்சு."

"நீயே பார்த்தியா?"

"நானே பார்த்தேன்."

"அப்ப நீயே திற."

மாமா பூட்டைத் திறந்தார். அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்பா கைப்பிடியைத் திருப்பினார். டப்பென்று ஒரு சத்தம். படுத்துக் கிடந்த முள் ஒரே துள்ளாகத் துள்ளி எழுந்தது. அப்பா பயந்துவிட்டார், ஒரே நேரத்தில் இவ்வளவு கரண்ட் இழுக்கிறதா என்று. மாமா மீட்டரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "மச்சான், அன்னிக்குக் கரண்ட் போனப்ப யாரும் சுவிட்சை அணைக்கல. இன்னும் எல்லாரும் அப்படியேதான் போட்டு வெச்சிருக்காங்க." அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள்.

விஷயம் பரவ வெகுநேரம் ஆகவில்லை. மருந்துக்கடைக்காரர் வந்து கத்தினார், "ஒரு சாவிக்காகவா உங்களைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சோம்?" அப்பா, "நான் அப்பவே சொன்னேனே, நான் ஒண்ணும் பண்ணலன்னு" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். இங்கே அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கல் விழுந்தது. அப்பாவுக்கு நெற்றியில் காயம். மருந்துக்கடையில் மருந்து தரமாட்டேன் என்றுவிட்டார்கள். மாட்டு டாக்டர்தான் வீட்டுக்கு வந்து தையல் போட்டார். "அசையாதீங்க, என் பேஷண்ட் யாரும் இவ்வளவு முனகமாட்டாங்க" என்றார்.

மாமா மேல் ஒரு கல்லும் படவில்லை. ஆனால் அன்று மாலையே பாலத்தை முழுக்க அடைத்துவிட்டார்கள். பால் வண்டியைத் தவிர ஒன்றும் நகர்வதில்லை, வண்டியையும் குடைந்து சோதிக்கிறார்கள். மாமா எங்கள் வீட்டில் இருக்கிறார். வெளியே வருவதில்லை. தோசைக்கல்லைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள் அம்மா.

மாமாவைத் திருப்பி அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

குருவி


ஜூன் 9

அன்பு மருமகளுக்கு,

அண்ணன் நெற்றிக் காயம் ஆறியதா? புழுக்கத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

இங்கே கரண்ட் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஃபேன் சுற்றியது, ரேடியோ கத்தியது, பம்ப் ஓடியது. பொடியன் பயந்து அழுதான். அவனுக்கு விளக்கு மறந்துபோயிருந்தது.

கேள் கூத்தை. மறுநாளே, எங்கள் வேண்டுதல் பலித்தது என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். இவர் சாவியைத் தூக்கிக் காட்டியபோது அதே வரிசையில் நின்றிருந்தவர்களே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். வாட்ச்மேன் மட்டும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். சுவரில் இருந்த அண்ணன் பேரை அழிக்கவில்லை. இவர் பேரையும் பக்கத்தில் சேர்த்து, இரண்டு பேரும் நமக்குப் பயந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு நாள் ஈரத் துணியோடு போய்த் தேய்த்துப் பார்த்தேன். தார் போகவில்லை.

இவரை அனுப்பி வை என்று இனி யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை குருவி. பொடியன் கதவு தட்டினால் ஓடுகிறான். நானும் அவன் பின்னால் ஓடுகிறேன்.

அத்தை


ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தை,

நீங்களும் பொடியனும் சுகம்தானே? இதற்குப் பதில் வராது. பால் வண்டிக்கு நாளைதான் கடைசிப் பயணம். இனி இரண்டு நாட்டுக்கும் தனித்தனிப் பாலாம். "மாட்டுக்கும் மதம் கண்டுபிடிச்சுட்டாங்க பாப்பா" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் போகிறது என்று அறிவித்ததும் எங்கள் வீட்டுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நீங்கள் எந்த நாடு என்று அம்மாவிடம் கேட்டார்கள். "என் அடுப்பு எந்த நாட்டுல இருக்கோ அந்த நாடு" என்றாள். அவர்கள் அதை எப்படி எழுதிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

மாமா விஷயம் இதுதான். உங்கள் கரைக்கு வேறு பக்கத்திலிருந்து கரண்ட் வருகிறதாம். ஆகவே ஆற்றைத் தாண்டும் லைனை நிரந்தரமாக அறுக்க உத்தரவு. அதை அக்கரை டவரில் ஏறித்தான் கழற்ற வேண்டும். அப்பா புதிதாக வந்த மேலதிகாரியிடம் போய், "அந்த டவர் என் மச்சான் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனை அனுப்புங்க, இல்லேன்னா அது அறுபடாது" என்றார். அப்பாவுக்குப் பொய் வராது என்று அம்மா சொன்னாளே, அது தப்பு அத்தை. எந்த லைன்மேனும் அதைக் கழற்றலாம் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். போவதற்கு மட்டும்.

நேற்று மாமா பழையபடி கைப்பிடியை இறக்கித் தன் பூட்டைப் போட்டார், அட்டையை மாட்டினார். சாவியை அப்பாவிடம் நீட்டினார். "சட்டப்படி நீ கையோட எடுத்துட்டுப் போகணும்" என்றார் அப்பா. "இனி யாரும் திறக்கப் போறதில்லையே மச்சான்." "அது எனக்குத் தெரியாது. பூட்டு உன்னோடது. நீ வந்து திறக்கற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும். நான் ரிட்டயர் ஆனா அடுத்தவனுக்குச் சொல்லிட்டுப் போவேன்."

மாமா இந்நேரம் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பார். சேராவிட்டாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. ஆகவே சேர்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பாலம்வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் போனோம். இந்தத் தடவை யாருக்கும் தெரியாமல் போகவில்லை. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். தையல்காரர் கடையைவிட்டு இறங்கி வந்து கொஞ்ச தூரம் கூட நடந்தார். தடுப்புக் கம்பிக்கு அருகில் மாமா நின்று திரும்பினார். அம்மா அவர் சட்டைக் காலரைச் சரி செய்து, "பத்திரமாப் போயிட்டு வா" என்றாள்.

காவலர் சின்ன வயசுக்காரர். கெட்டவராகத் தெரியவில்லை. "திரும்பி வர அனுமதி இல்லம்மா. போன்னு சொல்லுங்க" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கம்மா உன்னை இந்த வேலைக்கு அனுப்பினப்போ போன்னா சொன்னாங்க?"

அவர் தடுப்பைத் தூக்கிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டினார். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார், என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "வர்றேன்க்கா" என்றார்.

நானும் அப்படியே முடிக்கிறேன் அத்தை. வருகிறேன்.

குருவி